கேட்காத கேள்விக்குப் பூஜ்யம் போடலாமா?

போன வருஷம் பள்ளி திறக்கும் நேரம். திருத்தணியில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து சாயங்கால டியூஷன் ஒன்று நடத்துகிறோம். காசு வாங்குவதில்லை. மலையடிவாரத் தெருப் பிள்ளைகள், காலனிப் பிள்ளைகள், விசைத்தறி வீட்டுப் பிள்ளைகள், செங்கல் சூளையில் வேலை செய்யும் இருளர் குடும்பத்துப் பிள்ளைகள் என்று அறுபது பேர் வருகிறார்கள். சில வீடுகளில் தமிழ், சில வீடுகளில் தெலுங்கு, பல வீடுகளில் இரண்டும். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. வரைபடத்தில் எல்லை பிரிந்துவிட்டது, வீட்டுப் பேச்சில் இன்னும் பிரியவில்லை.

மனநல ஆலோசகர் ஒருவர் வாரம் ஒருநாள் வந்து பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் பேச ஒத்துக்கொண்டார். ஆனால் அவரால் பதினைந்து பேரைத்தான் பார்க்க முடியும். அறுபதில் பதினைந்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? "டேட்டா வெச்சுப் பண்ணலாம்" என்று சொன்னவன் நான்தான். சாஃப்ட்வேர்காரன் புத்தி. இணையத்தில் தேடி, உலகப் புகழ்பெற்ற பத்துக் கேள்விகளை எடுத்து, தமிழில் போட்டு, எக்ஸெலில் கூட்டல் சூத்திரமும் எழுதிவிட்டேன். நாலு அல்லது அதற்கு மேல் வந்தால் சிவப்பு.

பிள்ளைகளிடம் கொடுக்கும் முன்பு நாங்களே நிரப்பிப் பார்ப்போம் என்று நானும் என்னுடன் டியூஷன் எடுக்கும் பள்ளித் தோழனும் உட்கார்ந்தோம். எனக்கு 2 வந்தது. அப்பா குடிப்பார், அது ஒன்று. அம்மா ஒருமுறை கோபித்துக்கொண்டு தாய்வீட்டில் எட்டு மாதம் இருந்தார், அதைப் "பெற்றோர் பிரிவு" என்று கணக்கில் எடுத்தேன். காலனியிலிருந்து வந்து படித்த அவனுக்கு 1. அவங்கப்பா பெல்ட்டால் அடித்தது மட்டும்.

தாளைப் பார்த்துச் சிரித்தான். "டேய், இந்தப் பேப்பர் பிரகாரம் என்னைவிட நீதான்டா கஷ்டப்பட்டவன்."

அப்புறம் ஒன்று கேட்டான். "ஏழாங்கிளாஸ்ல ஸ்காலர்ஷிப் ஃபாரம் குடுக்க, 'எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க'ன்னு சொல்வாங்களே, ஞாபகம் இருக்கா? அது எந்த நம்பர் கேள்வி?"

எனக்கு ஞாபகமே இல்லை. அதே வகுப்பில், அவனுக்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நான். கேள்வித்தாளிலும் அது எந்த நம்பரிலும் இல்லை. அந்த இரண்டு இல்லாமைக்கும் சம்பந்தம் உண்டு என்று அன்றைக்குத் தோன்றியது. அதைத் தேடிப் போன குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

பத்துக் கேள்விகள் எங்கிருந்து வந்தன

அமெரிக்காவில் சான் டியாகோ நகரின் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் உடற்பரிசோதனை மையத்தில் பிறந்தவை இவை. வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவரும், அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ராபர்ட் ஆண்டாவும் சேர்ந்து 1998-இல் வெளியிட்ட ஆய்வு. முதல் கட்டத்தில் 9,508 பேர், இரண்டு கட்டமும் சேர்த்து 17,000-க்கு மேல். ஏழு வகைத் துன்பங்களில் தொடங்கிப் பிறகு பத்தானது: உடல், மன, பாலியல் வன்முறை, உடல், மன அளவில் கவனிக்காமல் விடுதல், வீட்டில் அம்மா அடிபடுவது, குடி அல்லது போதை, மனநோய், பெற்றோர் பிரிவு, வீட்டில் ஒருவர் சிறை போனது. ஒவ்வொரு "ஆம்"க்கும் ஒரு புள்ளி.

கண்டுபிடிப்பு சாதாரணமானது இல்லை. நாலும் அதற்கு மேலும் வாங்கியவர்களுக்கு, ஒன்றுமே வாங்காதவர்களைவிடக் குடி அடிமைத்தனம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி போன்ற அபாயங்கள் 4 முதல் 12 மடங்கு அதிகம். சின்ன வயதுத் துன்பம் பெரிய வயது நோயாக வருகிறது என்று பொதுச் சுகாதாரத் துறையை ஒத்துக்கொள்ள வைத்த ஆய்வு அது. அந்த மரியாதையை நான் குறைக்க வரவில்லை.

ஆனால் பதில் சொன்னவர்கள் யார்? பெரும்பாலும் வெள்ளையர்கள், கல்லூரி வரை எட்டிப் பார்த்தவர்கள், காப்பீடு வைத்திருந்தவர்கள். அவர்கள் பிள்ளைப் பருவத்தில் துன்பம் வந்தது என்றால் பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்து வந்திருக்கும். அதனால் பத்துக் கேள்வியும் வாசற்படிக்கு உள்ளேயே நிற்கின்றன. தெரு இல்லை, பள்ளி இல்லை, போலீஸ் இல்லை, பட்டினி என்பதும் வீட்டார் கவனிக்காமல் விட்டதால் வரும் பட்டினிதான்.

பூஜ்யமும் வெற்றிடமும்

டேட்டாபேஸில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், 0 வேறு, 'நல்' வேறு. வங்கிக் கணக்கில் 0 என்றால் பணம் இல்லை. 'நல்' என்றால் கணக்கு பார்க்கவே இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கூட்டினால் ரிப்போர்ட் அழகாக வரும், தப்பாகவும் வரும்.

என் எக்ஸெல் செய்தது அதைத்தான். தோழனிடம் கேட்காத கேள்விக்கு அவன் சார்பில் "இல்லை" என்று பதில் எழுதி, பூஜ்யம் போட்டு, கூட்டி, 1 என்று காட்டியது. எனக்கு அப்படி விடுபட்ட கேள்வி அதிகம் இல்லை. எனக்கு நடந்தவை எல்லாம் வீட்டுக்குள் நடந்தவை. தாள் என் அளவுக்குத் தைத்த சட்டை மாதிரி பொருந்திவிட்டது.

இதை அமெரிக்காவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஃபிலடெல்ஃபியா நகரில் 2012-13-இல் 1,784 பெரியவர்களிடம் பழைய கேள்விகளோடு ஐந்து விஷயங்களைச் சேர்த்துக் கேட்டார்கள்: கண்ணெதிரே வன்முறை பார்த்தது, இனப் பாகுபாட்டை உணர்ந்தது, பாதுகாப்பில்லாத தெரு, சக பிள்ளைகளின் கொடுமை, வேறு குடும்பத்தில் அரசுப் பராமரிப்பில் வளர்ந்தது. புதிய கேள்விகளுக்கு மட்டும் "ஆம்" சொல்லி, பழைய கேள்விகளில் ஒன்றுகூட இல்லாதவர்கள் 13.9 சதவீதம். பழைய தாளில் இவர்கள் எல்லோரும் சுத்தமான பூஜ்யம். ஏழில் ஒருவர்.

ஒரே "ஆம்", வேறு வேறு அர்த்தம்

விடுபட்ட கேள்வி ஒரு பிரச்சினை என்றால், இருக்கிற கேள்வி எல்லோருக்கும் ஒரே பொருளைத் தராதது இன்னொன்று.

"வீட்டில் யாராவது சிறைக்குப் போனதுண்டா?" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நாலில் மூன்று பேர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் இருளர் குடியிருப்பில் போய் நிற்கும் வழக்கம் இந்தப் பக்கம் யாருக்கும் புதிதில்லை. சூளை வீட்டுப் பையன் "ஆம்" என்று எழுதினால், அந்தப் புள்ளி அவன் வீட்டைப் பற்றிச் சொல்கிறதா, போலீஸைப் பற்றிச் சொல்கிறதா? அமெரிக்காவில் கறுப்பின வீடுகளைப் பற்றியும் இதே கேள்வி உண்டு. வெளியிலிருந்து வந்த அடி, "குடும்பக் குறைபாடு" என்ற தலைப்பில் வரவாகிறது.

அழுக்குச் சட்டையும் போதாத சாப்பாடும் அப்படித்தான். மூலக் கேள்வி வறுமையையும் கவனிப்பின்மையையும் ஒன்றாகக் கலக்கிறது. இதில் உலக சுகாதார நிறுவனம் தயாரித்த சர்வதேசப் படிவத்தைப் பாராட்ட வேண்டும். கொடுக்க வசதி இருந்தும் உனக்குப் போதிய சாப்பாடு கொடுக்காமல் விட்டார்களா என்ற பொருளில் அது கேட்கிறது. அந்த ஒரு சின்னச் சேர்க்கை, ஏழை அம்மாவைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடுகிறது. சக பிள்ளைகளின் வன்முறை, ஊர்க் கலவரம், போர் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. சாதிக்கென்று ஒரு கேள்வி கிடையாது.

மொழியும் சும்மா விடாது. "பெரியவர்கள் உன்னைத் திட்டி, கேவலப்படுத்தியதுண்டா?" எங்கள் பாட்டி "எருமை மாடே, வந்து சாப்பிடு" என்றுதான் கூப்பிடுவார். பக்கத்துத் தெலுங்கு வீட்டில் 'காடிதா' (கழுதை) என்பது பேரனுக்குச் செல்லப் பெயர். இவர்கள் எல்லோரும் "ஆம்" போட்டால் மனவன்முறைப் புள்ளி ஏறும். ஆனால் அதே சொல்லை வாத்தியார், ஒரு குறிப்பிட்ட தெருப் பிள்ளையைப் பார்த்து மட்டும் சொல்லும்போது அது வேறு சொல். இங்கே ஒரு எச்சரிக்கை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். "நம்ம ஊர்ல அதெல்லாம் சகஜம்" என்று சொல்லியே எத்தனையோ அடிகளை நாம் மறைத்திருக்கிறோம். சகஜம் என்பது சாட்சியம் ஆகாது. பிள்ளையிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தச் சகஜத்தின் அளவு தெரிய, மத்தியப் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட குழந்தை வன்கொடுமை ஆய்வைப் பார்க்கலாம். 13 மாநிலங்கள், 12,447 குழந்தைகள். மூன்றில் இரண்டு குழந்தைகளுக்கு மேல் அடிபட்டதாகச் சொன்னார்கள். பள்ளி போகிறவர்களில் 65 சதவீதம் பேர் பள்ளியில் அடி வாங்கியிருந்தார்கள். மறைத்து வைத்திருந்ததை எண்ணாக்கி மேஜைமேல் வைத்த ஆய்வு. ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த போக்சோ சட்டத்துக்கு அது பின்பலமாக நின்றது. ஆனால் அதன் தலைப்புகள் உடல், மன, பாலியல் வன்முறை, பெண் குழந்தைப் புறக்கணிப்பு என்று நின்றுவிட்டன. சாதி ஒரு தலைப்பு ஆகவில்லை. அளவீட்டுப் பார்வையில் இன்னொன்று: மூன்றில் இரண்டு பேர் "ஆம்" சொல்லும் ஒரு கேள்வி, யாருக்கு அதிக உதவி தேவை என்று பிரித்துக் காட்ட அதிகம் உதவாது. யாரை அடித்தார்கள் என்பதைவிட, எதற்காக, யார் முன்னால் அடித்தார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கும்.

நியாயச் சோதனையின் எல்லை

"இதற்கெல்லாம் புள்ளியியலில் சோதனை இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஒரே மொத்தப் புள்ளி வாங்கிய இரண்டு சமூகக் குழுக்களை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் இருவரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் "ஆம்" சொல்கிறார்களா என்று பார்ப்பார்கள். ஒரு கேள்வியில் மட்டும் பெரிய வித்தியாசம் வந்தால், அந்தக் கேள்வி ஒரு குழுவிடம் வேறு மாதிரி வேலை செய்கிறது என்று அர்த்தம். நல்ல சோதனை. சிறைக் கேள்வி மாதிரியானவற்றைப் பிடிக்கும்.

ஆனால் இது தாளில் இருக்கிற கேள்விகளை மட்டுமே சோதிக்கும். தாளில் இல்லாத கேள்வி எந்தச் சோதனையிலும் தோற்காது. பத்துக் கேள்வியும் சமமாக நடந்துகொண்டன என்று சான்றிதழ் வாங்கிவிட்டு, பதினோராவது விஷயத்தை ஒட்டுமொத்தமாக விட்டுவிடலாம். நாங்கள் மென்பொருளில் சொல்வதுண்டு: எழுதாத டெஸ்ட் ஃபெயில் ஆவதில்லை.

இதைத் தெர்மாமீட்டர், மளிகை பில் என்ற உதாரணத்தில் யோசித்துப் பார்த்தேன். காய்ச்சலை வாயில் வைத்துப் பார்க்கலாம், அக்குளில் வைத்துப் பார்க்கலாம். ஓர் இடத்தை விட்டாலும் காய்ச்சல் ஒன்றுதான், இன்னொரு இடம் காட்டிவிடும். மளிகை பில் அப்படியில்லை. துவரம்பருப்பை எழுத மறந்தால், உப்பும் புளியும் எவ்வளவு சரியாக எழுதியிருந்தாலும் மொத்தம் தப்பு. பிள்ளைப் பருவத் துன்பப் பட்டியல் தெர்மாமீட்டர் இல்லை, பில். அப்பா குடிப்பதும் வகுப்பில் எழுந்து நிற்க வைப்பதும் ஒரே காரணத்தின் இரண்டு அறிகுறிகள் இல்லை. ஒன்றை வைத்து இன்னொன்றை ஊகிக்க முடியாது. ஆகவே ஒரு சமூகத்தின் பெரிய செலவை மட்டும் பில்லில் எழுதாமல் விட்டால், அந்தச் சமூகம் செலவே செய்யவில்லை என்று தெரியும்.

எழுந்து நிற்பது அவ்வளவு பெரிய விஷயமா?

"ஒரு நிமிஷம் எழுந்து நின்னது ஒரு துன்பமா, சார்?" இதை என்னிடம் ஒருவர் நிஜமாகவே கேட்டார்.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளாதார அறிஞர்கள் உத்தரப் பிரதேச கிராமங்களில் செய்த சோதனை ஒன்று 2006-இல் வெளியானது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள். காகிதத்தில் அச்சிட்ட சிக்குப்பாதைப் புதிர்களுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும், முடித்தால் காசு. சாதியைச் சொல்லாதபோது உயர்சாதிப் பையன்களும் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி புதிரை முடித்தார்கள். எல்லோர் முன்னாலும் பெயரும் சாதியும் சேர்த்து அறிவித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அறிவித்தார்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டிலும் இதற்கு அரசுப் பதிவு உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்ற பரிந்துரைகள்தான் செய்தியில் பெரிதாக வந்தன. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக்கூடாது, உதவித்தொகை விஷயத்தை வகுப்பில் அறிவிக்காமல் தலைமையாசிரியர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். என் தோழனின் ஏழாம் வகுப்பு, ஓர் அரசுக் குழுவின் பரிந்துரையில் இருக்கிறது. நான் எடுத்துவந்த பத்துக் கேள்வியில் இல்லை.

சேர்த்துவிட்டால் போதுமா?

சாதி பற்றி ஒரு கேள்வி சேர்த்தால் முடிந்ததா? இல்லை. கேட்கிறவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். நான் கேட்டால் ஒன்று, தோழன் கேட்டால் வேறு. பிறந்ததிலிருந்து தனி டம்ளரே பார்த்த பிள்ளைக்கு அது பாகுபாடு என்று பெயர் தெரியாமலே இருக்கலாம். நினைவும் ஒரு சிக்கல். 2019-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சின்ன வயதிலேயே வன்கொடுமை பதிவானவர்களில் சுமார் பாதிப்பேர், வளர்ந்தபின் கேட்டபோது அதைச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. கேள்விகளைக் கூட்டக் கூட்ட, காலனிப் பிள்ளைகளின் புள்ளி ஏறும். நாளைக்கு ஒரு பள்ளி, "இந்தத் தெருப் பசங்க எல்லாம் ஹை ரிஸ்க்" என்று எக்ஸெலைக் காட்டி ஒதுக்கலாம். குறைத்து எண்ணுவதும் அநியாயம், எண்ணி முத்திரை குத்துவதும் அநியாயம். 2020-இல் கலிஃபோர்னியா அரசு இந்தக் கேள்வித்தாளை மருத்துவமனைகளில் பயன்படுத்தப் பணம் கொடுக்கத் தொடங்கியது. அதே ஆண்டு, இதை உருவாக்கிய ராபர்ட் ஆண்டாவே சக ஆய்வாளர்களோடு எழுதி எச்சரித்தார்: இந்தப் புள்ளி மக்கள் தொகையை ஆராய உருவானது, தனி மனிதரை வடிகட்டவோ சிகிச்சை முடிவு எடுக்கவோ செய்ததில்லை என்று. நான் செய்யப் பார்த்தது அதைத்தான். அதுவும் குழந்தைகளிடம்.

இன்னொன்றையும் நான் யோசிக்கவில்லை. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் புகார் தெரிவிப்பது யாராக இருந்தாலும் கடமை. அறுபது பிள்ளைகளிடம் தாளை நீட்டிவிட்டு, வரும் பதிலை எக்ஸெலில் பூட்டி வைக்க எனக்கு உரிமை கிடையாது. ஆலோசகரிடம் சொன்னபோது அவர் ஒரே வரியில் முடித்தார்: "பதில் வந்தா என்ன பண்றதுன்னு தெரியாம கேள்வி கேக்காதீங்க சார்."

என்ன செய்தோம்

தாளைக் கொடுக்கவில்லை. சிவப்புக் கட்டத்தை அழித்துவிட்டேன். பதினைந்து இடத்தைச் சுழற்சியில் வைத்தோம். ஆலோசகர் முதல் மாதம் எல்லோரையும் சின்னக் குழுக்களாகச் சந்தித்தார். தனியாகப் பேச விரும்பும் பிள்ளை யாரிடமும் காரணம் சொல்லாமல் நேரம் கேட்கலாம். சுவரில் 1098 எண்ணை எழுதி வைத்திருக்கிறோம். குழுவில் அவர் கேட்ட ஒரே பொதுக் கேள்வி: "வீட்ல, தெருவுல, ஸ்கூல்ல எங்க இருக்கும்போது உனக்குச் சுருங்கிப் போற மாதிரி இருக்கும்?" முக்கால்வாசிப் பேர் முதலில் சொன்ன இடம் வீடு இல்லை என்று மட்டும் பின்னர் சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. அறுபது பேரை வைத்து நாட்டுக்குத் தீர்ப்பு எழுத முடியாது என்பதும் தெரியும்.

பெரிய ஆய்வு செய்கிறவர்களிடம் என் கோரிக்கை எளிமையானது. ஒரு சமூகத்துக்குக் குறைந்த புள்ளி வந்தால், "இவர்கள் பரவாயில்லை" என்று எழுதும் முன், எதைக் கேட்கவில்லை என்று அதே அட்டவணையில் ஒரு பத்தி சேருங்கள். பட்டியலை முடிவு செய்யும் முன், அந்தத் தெருவில் வளர்ந்தவர்களை மேஜைக்குக் கூப்பிடுங்கள். எங்கள் விஷயத்தில் அந்த மேஜையில் தோழன் தற்செயலாக உட்கார்ந்திருந்தான். இல்லாவிட்டால் என் சூத்திரம் பிழையில்லாமல் ஓடியிருக்கும்.

இந்தப் பதிவைப் போடும் முன் அவனிடம் காட்டினேன். முழுசாகப் படித்தான். "எல்லாம் சரிடா. ஒண்ணு மட்டும் மாத்து. ஏழாங்கிளாஸ் மட்டும்னு எழுதியிருக்க. பத்தாவது வரைக்கும் வருஷா வருஷம் நிக்க வெச்சாங்க."

மாற்றவில்லை. அவன் சொன்னபடியே கடைசியில் சேர்த்திருக்கிறேன். நாலு வருஷம். எனக்கு ஒன்றுகூட ஞாபகம் இல்லை.